பயறுவகை இலைத்தூள்: மாடும் ஆடும் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதவரம், செங்குன்றம், திருநின்றவூர், காட்டாங்கொளத்தூர் என்று சென்னையைச் சுற்றி இரண்டு மாடும் நான்கு ஆடும் வைத்திருப்பவர்கள் தீவனம் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு பிண்ணாக்கு விலையில் தொடங்கி, வேலியோரத்தில் நிற்கும் சூபாபுல் மரத்தில் வந்து முடியும். அந்த இலையை உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால் செலவு குறையுமா, மாட்டுக்கு ஆகுமா, எவ்வளவு போடலாம் என்று என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறேன்.

இலைத்தூள் என்பது எது? எந்த இலைகள் இதற்கு ஏற்றவை?

பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அல்லது செடியின் இலையை, குச்சியும் முற்றிய தண்டும் நீக்கி, ஈரம் போக உலர்த்தி, கொரகொரப்பாகப் பொடித்து எடுப்பதே இலைத்தூள். சவுண்டல் என்றும் அழைக்கப்படும் சூபாபுல், கிளைரிசிடியா, அகத்தி, வேலிமசால், வாகை ஆகியவை நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை. இந்தக் குடும்பத்துத் தாவரங்களில் பெரும்பாலானவை வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிரிகளின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால், அவற்றின் இலையில் புரதம் மிகுந்திருக்கிறது. நல்ல சூபாபுல் இலைத்தூளில் 20 முதல் 25 சதவீதம் வரை கச்சாப் புரதம், அதாவது நைட்ரஜனை அளந்து கணக்கிடும் மொத்தப் புரதம், இருக்கும். குச்சி கலந்துவிட்டால் அந்த அளவு வெகுவாக இறங்கிவிடும் என்பதால், தூளின் தரம் அரைப்பதில் இல்லை, இலையை மட்டும் பிரித்தெடுப்பதில்தான் இருக்கிறது.

வைக்கோலும் தவிடும் போடுகிறேன். அதற்கு மேல் இது எதற்கு?

அசைபோடும் கால்நடைக்குத் தீவனம் போடும்போது நாம் முதலில் உணவளிப்பது மாட்டுக்கல்ல, அதன் முதல் இரைப்பையான ரூமனில் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். வைக்கோலின் நாரை உடைத்து மாட்டுக்குப் பயன்படும்படி ஆக்குவது அந்த நுண்ணுயிரிகளே. அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். மொத்தத் தீவனத்தில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அவற்றின் வேலை மந்தமாகிறது, வைக்கோல் வயிற்றிலேயே நெடுநேரம் தங்குகிறது, தங்கிய வைக்கோல் இடத்தை அடைத்துக்கொள்வதால் மாடு தின்னும் அளவும் குறைகிறது. வயிறு பானையாக இருக்க, விலா எலும்பு தெரியும் மாட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பால் வற்றிய மாடு ஒன்று நாளுக்கு 6 கிலோ நெல் வைக்கோல் மட்டும் தின்பதாக வைத்துக்கொண்டால், வைக்கோலில் புரதம் சுமார் 3.5 சதவீதம் என்பதால், கிடைப்பது 210 கிராம் புரதம். அதோடு 22 சதவீதப் புரதமுள்ள இலைத்தூள் ஒன்றரைக் கிலோ சேர்த்தால் கூடுதலாக 330 கிராம் வரும். மொத்தம் ஏழரைக் கிலோ தீவனத்தில் 540 கிராம், அதாவது 7.2 சதவீதம். வைக்கோலை வைக்கோலாகவே கிடத்தாமல், அதை மாடு செரித்துப் பயன்பெறும் நிலைக்குக் கொண்டுவருவது இந்த ஒன்றரைக் கிலோதான். இலைத்தூளின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு பயனும் உண்டு. பச்சையே காணாமல் வைக்கோலில் வளரும் நகரத்து மாட்டுக்கு, நிழலில் உலர்த்திய இலைத்தூள் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளான கரோட்டினைத் தருகிறது. இலையில் சுண்ணாம்புச்சத்து மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. ஆகவே இரண்டும் ஒரே தொட்டியில் சேர்வது பொருத்தமான சேர்க்கை. ஆனால் உப்பும் தாது உப்புக் கலவையும் வழக்கம்போல் தொடர வேண்டும்.

அப்படியானால் கடலைப் பிண்ணாக்கை நிறுத்திவிடலாமா?

கறவை மாட்டுக்கு நிறுத்த வேண்டாம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் சுமார் 450 கிராம் புரதம் இருக்கும்போது, அதே புரதத்துக்கு இரண்டு கிலோ இலைத்தூள் வேண்டும். அப்போதும் பிண்ணாக்கிலிருந்து கிடைக்கும் எரிசக்தி இலையில் கிடைக்காது. நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்குப் பிண்ணாக்கை முழுவதும் எடுத்துவிட்டு இலைத்தூளைக் கொட்டினால், சில நாட்களிலேயே பாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். பிண்ணாக்கில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்து, குறைத்ததற்கு இரட்டிப்பாக இலைத்தூள் சேர்த்து, இரண்டு வாரம் பாலளவைக் குறித்துப் பார்த்து முடிவுசெய்வது நல்லது. பால் வற்றிய மாடு, வளரும் கிடேரி, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றில் இதைவிடத் தாராளமாகப் பிண்ணாக்கைக் குறைக்கலாம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளுக்கே உரிய மெட்ராஸ் சிவப்பு செம்மறியை மேய்ச்சலில் வளர்ப்பவர்கள், மாலையில் பட்டிக்குத் திரும்பியதும் ஒரு கைப்பிடி போட்டாலே போதும்.

சூபாபுல் தின்றால் முடி கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அளவு தெரியாமல் பயப்படுவதும் தவறு, அளவு தெரியாமல் போடுவதும் தவறு. சூபாபுல் இலையில் மைமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இளங்கொழுந்தில் அதிகமாகவும் முற்றிய இலையில் குறைவாகவும் இருக்கும் இப்பொருள், முடி வளரும் வேர்க்கால்களின் செல் பிரிவைத் தடுப்பதால் முடி உதிர்கிறது. ரூமன் நுண்ணுயிரிகள் மைமோசினை உடைக்கும்போது டிஎச்பி என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் வேறொரு பொருள் உண்டாகிறது. அது தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுத்து, கழுத்துக் கழலை, பசிக்குறைவு, எச்சில் ஒழுகுதல், எடையிழப்பு ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதைப் பேசுகிறோம். தைராய்டு பாதிப்பு மெதுவாக வருவதால் அதைத் தீவனத்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் சூபாபுல் மேய்ந்த மாடுகள் நோயுற்றபோது, ஹவாய்த் தீவுகளில் அதே இலையைத் தின்ற ஆடுகள் நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதன் காரணம் மரத்தில் இல்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்று கருதினார். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் ரூமன் நீர் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்டபோது அவையும் அந்த நச்சைத் தாங்கிக்கொண்டன. டிஎச்பியை உடைக்கும் அந்த நுண்ணுயிரிக்குப் பின்னர் அவர் பெயரைக் கொண்டே சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள்.

நம் நடைமுறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மொத்த உலர் தீவனத்தில் சூபாபுல் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; மேலே சொன்ன ஒன்றரைக் கிலோ கணக்கு 20 சதவீதம்தான் வருகிறது. மற்றொன்று, புதிதாகப் பழக்கும் மாட்டுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்ல வேண்டும். சினை மாட்டுக்கும் சினை ஆட்டுக்கும் சூபாபுலை மிகக் குறைந்த அளவில் நிறுத்திக்கொண்டு, பிற இலைகளைக் கொடுப்பது நல்லது. வால் மயிர் கையோடு வந்தாலோ, கழுத்தின் அடியில் வீக்கம் தெரிந்தாலோ, இலையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னைக்குள்ளேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

கிளைரிசிடியாவை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. என்ன செய்வது?

அதன் மணமே காரணம். இலையைக் கசக்கினால் வரும் அந்த இனிப்புக் கலந்த வாடை கூமரின் என்ற பொருளால் வருவது. பழக்கமில்லாத ஆடு மூக்கை வைத்த வேகத்தில் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒருமுறை தும்மிவிட்டு, வைக்கோலுக்கே போகும். வெட்டிய கிளையை ஓர் இரவு வாடவிட்டாலே மணம் தணிகிறது. உலர்த்திப் பொடித்தால் இன்னும் தணியும். தவிட்டில் பிசறி, கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்து, முதல் வாரம் ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் கொடுத்தால் பெரும்பாலான மாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்கெனவே பழகிய மாட்டின் பக்கத்தில் கட்டினால் இன்னும் விரைவாகப் பழகும். போட்டி என்றால் மாட்டுக்கும் பசி வந்துவிடுகிறது.

கூமரின் உள்ள இலை எதுவும் பூசணம் பிடிக்கக் கூடாது. பூசணம் பிடித்த தீவனத்தில் கூமரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாக மாறக்கூடும். இனிப்புக் குளோவர் என்ற மேலைநாட்டுத் தீவனப் பயிரில் இப்படித்தான் மாடுகள் உள்ளே இரத்தம் கசிந்து இறந்தன. கிளைரிசிடியா என்ற இலத்தீன் பெயருக்கே எலியைக் கொல்வது என்பதுதான் பொருள்.

அகத்தி நல்லதா?

மிகவும் நல்லது. சூபாபுலுக்கு இணையான அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான புரதம், எளிதான செரிமானம், ஆடுகளின் விருப்பம் ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. அமாவாசையன்று மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கம் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்றும் இருப்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் தூளாக்கும் அளவுக்கு அகத்தி யாரிடம் மிஞ்சுகிறது என்பதே கேள்வி. பசுமையாகவே கொடுத்துவிடுவது சிக்கனம்.

முருங்கை இலையும், சீமைக்கருவேலும்?

முருங்கை பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, ஆனால் அதன் இலையில் புரதம் மிகுதி என்பதால் இதே முறையில் உலர்த்திப் பயன்படுத்தலாம். சீமைக்கருவேல் பயறுவகைதான், இருந்தும் அதன் இலையை ஆடுகூடத் தொடாது. இனிப்பான காயைத்தான் தின்னும். காயை அப்படியே தின்ன விட்டால், செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் போய் அடுத்த நிலத்தையும் காடாக்கிவிடும். எனவே காயை அரைத்து, அதையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும்.

மொட்டை மாடியில் எப்படி உலர்த்துவது?

காலையில் பனி விலகிய பிறகு, பென்சில் தடிமனுக்கு மேற்படாத கிளைகளை இலையோடு வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய சேலை அல்லது தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ஓர் அடுக்காகப் பரப்பி, மேலே ஓலையோ பழைய துணியோ நிழலாகக் கட்ட வேண்டும். நேர்வெயிலில் காய்ந்தால் விரைவாகக் காயும், ஆனால் பச்சை வெளுத்துக் கரோட்டின் போய்விடும். சித்திரை, வைகாசியில் இரண்டு நாள் போதும். கடற்காற்று ஈரத்தோடு வீசும் திருவான்மியூர், எண்ணூர்ப் பக்கங்களில் மூன்று நாள் ஆகும். மாலையில் சுருட்டி உள்ளே வைக்காவிட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவிடும்.

சூபாபுலில் ஒரு வசதி உண்டு. காய்ந்ததும் கிளையைப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டு தட்டினால், சிற்றிலைகள் புளியிலை உதிர்வதுபோலப் பொலபொலவென்று சேலையில் உதிர்ந்துவிடும். குச்சி கையில் நிற்கும். உதிர்ந்ததைச் சல்லடையில் சலித்தால் வேலை முடிந்தது. காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிடி இலையை உள்ளங்கையில் வைத்து மூடித் திறக்க வேண்டும். அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டு, திறந்த கையில் துகள்கள் தனித்தனியாக நின்றால் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று கொள்ளலாம். கை திறந்த பின்னும் இலை மெதுவாக விரிந்து எழுந்தால் இன்னொரு நாள் வேண்டும்.

பச்சை இலையில் முக்கால் பங்கு நீர்தான். ஒரு கிலோ தூளுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ பச்சை இலை பிடிக்கும். மாவுபோல நைசாக அரைக்கக் கூடாது. நைசான தூள் மூக்கில் ஏறும், ரூமனில் தங்காமல் விரைவாகக் கடந்தும் போய்விடும்.

ஒரு முறை காய்ந்த தூள் எவ்வளவு நாள் தாங்கும்?

கோடையில் மூன்று மாதம் தாங்கும். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுவதால், அந்த மூன்று மாதத்துக்கு இங்கே தனிக் கணக்கு வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஐப்பசியில், புரட்டாசிக் கடைசியில் அவசரமாகக் காயவைத்த கிளைரிசிடியாத் தூளைச் சாக்கில் கட்டி, சுவரை ஒட்டித் தரையில் வைத்திருந்தேன். மேலே அள்ளிப் பார்த்தபோது பச்சையும் மணமும் குறையவில்லை. பத்து நாள் கழித்து முழங்கை வரை கையை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சாக்கைக் கவிழ்த்தேன்; அடிப்பகுதி களியாகக் கட்டிப்போய், உடைத்த இடமெல்லாம் நூல் நூலாக வெள்ளைப் பூசணம், ஈரப் பழந்துணியின் வாடை. மேல்பாதி நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆசை வந்தது. மொத்தத்தையும் குழியில் போட்டு மூடினேன், அதில் மட்டும் தவறு செய்யவில்லை.

பூசணத்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை, சூடாக்கினாலும் எளிதில் போவதில்லை. மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1, எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பாலில் இதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, சிறு சிறு மூட்டைகளாக வைத்து, வாரம் ஒருமுறை உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு தெரிந்தால் அன்றே பிரித்துக் கொட்டி உலர்த்த வேண்டும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

பெரிய மாட்டுக்கு 200 கிராமில் தொடங்கி, பத்துப் பதினான்கு நாளில் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவரலாம். 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஆடு நாளுக்குச் சுமார் ஒரு கிலோ உலர் தீவனம் எடுக்கும் என்பதால், 150 முதல் 250 கிராம் வரை போதுமானது. ரூமன் வேலைசெய்யத் தொடங்காத இளங்கன்றுக்கும் பால்குடிக்கும் குட்டிக்கும் இது தீவனமல்ல. குட்டிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகட்டும், கன்றுக்கு மூன்று மாதம் தாண்டட்டும். இரண்டு மூன்று வகை இலைகளைக் கலந்து போடுவது ஒரே இலையைக் கொட்டுவதைவிட எப்போதும் பாதுகாப்பானது, ஏனெனில் ஒவ்வொன்றின் குறையும் அதனால் நீர்த்துப்போகிறது.

துவர்ப்புள்ள இலை ஆட்டுக்கு நல்லது, குடற்புழுவைக் கொல்லும் என்பது சரியா?

பாதி சரி. துவர்ப்புக்குக் காரணமான டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால், புரதத்தின் ஒரு பகுதி ரூமனில் உடையாமல் தப்பிச் சிறுகுடலில் செரிக்கிறது, வயிற்று உப்பசமும் குறைகிறது. இளம் குதிரைமசாலைப் பனியோடு மேய்ந்த மாட்டுக்கு வரும் உப்பசம், டானின் உள்ள மர இலையில் பெரும்பாலும் வராததன் காரணம் இதுதான். அளவு மிகுந்தால் மாடு தின்னாது, புரதமும் செரிக்காமல் சாணத்தில் போகும். குடற்புழுக்களின் முட்டை எண்ணிக்கையை டானின் ஓரளவு குறைப்பது உண்மை. அதை நம்பிக் குடற்புழு நீக்க மருந்தை நிறுத்தியவர்களின் ஆடுகள் மழைக்காலத்தில் தாடை வீங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பாலும் கொழுப்பும் கூடுமா?

இதுவரை வெறும் வைக்கோலும் கழனித் தண்ணீரும் கண்ட மாடாக இருந்தால் கூடும். சரியான அடர்தீவனம் ஏற்கெனவே பெறும் மாட்டில் கூடாது, செலவு வேண்டுமானால் குறையலாம். மணமுள்ள இலைத்தூளைக் கறவைக்கு முன் போடாமல், கறந்த பின் போட வேண்டும். இல்லையேல் வாடிக்கையாளரின் காப்பியில் அது தெரியும்.

மழைக்கு முன் தெருவோர மரங்களை வெட்டிப் போடுகிறார்களே, அந்த இலையை எடுக்கலாமா?

உள்தெருவில் வெட்டியதை, அன்றே, என்ன மரம் என்று தெரிந்த பிறகு எடுக்கலாம். தூங்குமூஞ்சி, வாகை, சூபாபுல் ஆகியவை கால்நடை தின்பவை. ஆனால் பக்கத்திலேயே அரளிக் கிளையும் வெட்டிக் கிடக்கலாம், அது மாட்டுக்கு எமன். உலர்ந்து உதிர்ந்த பிறகு எந்த இலை எதில் கலந்தது என்று பிரிக்கவே முடியாது. பெருஞ்சாலையோரத்து இலையில் படிந்திருக்கும் புகையும் புழுதியும் மாட்டின் வயிற்றுக்கு வேண்டாம். கொசுமருந்து அடித்த இடத்து இலையும் வேண்டாம்.

கடையில் விற்கும் இலைத்தூளை வாங்கலாமா?

என் மனத்தில் பட்டதைச் சொல்வதானால், இலை உங்களிடம் சும்மா கிடைக்கும்போதுதான் இந்தக் கணக்கு முழுதாக உதவுகிறது. வாங்கித்தான் போட வேண்டுமென்றால் ஒரு கிலோ தூளின் விலை, கடலைப் பிண்ணாக்கு விலையில் பாதிக்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிண்ணாக்கையே வாங்குங்கள். கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வரும் எண் என்பதால், யூரியா கலந்தாலும் அந்த எண் உயரும். மண் கலந்தால் எடை உயரும். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டுக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைத்தால், இலை மிதக்க, மணல் அடியில் தங்குவதைக் காணலாம். மூட்டைக் கணக்கில் வாங்குபவர்கள் தீவன ஆய்வகத்தில் புரதத்தோடு நார், சாம்பல், அஃப்ளாடாக்சின் ஆகியவற்றையும் கேட்டுச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

மீந்த தூளைக் கோழி, முயல், குதிரைக்குப் போடலாமா?

சூபாபுலும் கிளைரிசிடியாவும் குதிரைக்குக் கூடவே கூடாது. சூபாபுல் தின்ற குதிரைக்குப் பிடரியும் வாலும் உதிரும், மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் கேட்டதற்கும் இதையே சொன்னேன். ரூமன் இல்லாத விலங்கில் மைமோசினை உடைத்துப்போட யாரும் இல்லை என்பதே இதன் காரணம். முயலுக்கும் கோழிக்கும் சூபாபுல் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அகத்தி ஆட்டுக்கு அமிர்தம் என்றாலும் கோழிக்குஞ்சுக்கு நஞ்சாகக்கூடும் என்பதால், அதைத் தூளாக்கும் இடத்தில் குஞ்சுகளை விடாதீர்கள்.